நீங்கள் பண்ணாத போனுக்கு உங்கள் மேல் பழி விழுந்தால்

முன்பின் தெரியாத ஒருவர் கூப்பிட்டு, "நேத்து ராத்திரி என் வீட்டுக்குப் போன் போட்டு அசிங்கமா பேசினது நீங்கதானே?" என்று கத்தினால் யாருக்கும் கை கால் உதறும். அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய போனில் உங்கள் நம்பர்தான் வந்திருக்கிறது. நீங்களும் பொய் சொல்லவில்லை, அந்த நேரத்தில் உங்கள் போன் சார்ஜரில் கிடந்தது. இந்த இரண்டுமே ஒரே சமயத்தில் உண்மையாக இருக்க முடியும். அதை மனதில் வாங்கிக்கொண்டால் பாதி பதற்றம் குறையும்.

நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கோவில்பட்டியில் தையல் கடை வைத்திருக்கும் என் தங்கச்சி மகளுக்கு இது நடந்தது. கடன் வசூல் என்று சொல்லி மிரட்டும் கும்பல் ஒன்று அவள் நம்பரைக் காட்டி ஊர் ஊராக அழைத்திருக்கிறது. அந்த நம்பருக்குத் திருப்பிப் போன் அடித்தவர்கள் எல்லாம் அவளைத் திட்டினார்கள். கடைப் பையில் அச்சடித்த நம்பர், பத்து வருஷ வாடிக்கையாளர்கள் வைத்திருக்கும் நம்பர். "மாமா, நம்பரையே தூக்கிப் போட்டுடவா?" என்று அழுதாள். வேண்டாம் என்றேன். அவளுக்காகச் செய்ததையும், எக்ஸ்சேஞ்ச் அனுபவத்தில் எனக்குத் தெரிந்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில், நம்பர் எப்படித் திரையில் வருகிறது என்று பார்ப்போம். அழைப்பு கிளம்பும் இடத்து எக்ஸ்சேஞ்ச், 'இது இன்ன நம்பரில் இருந்து வருகிறது' என்று ஒரு தகவலை அழைப்போடு சேர்த்து அனுப்புகிறது. நடுவில் உள்ள எக்ஸ்சேஞ்சுகள் அதை அப்படியே கடத்துகின்றன. கடிதத்தின் உறையில் 'அனுப்புநர்' முகவரி எழுதுவது போலத்தான். தபால்காரர் அதைச் சரிபார்ப்பதில்லை. அந்தக் காலத்தில் எக்ஸ்சேஞ்ச் எல்லாம் அரசாங்கத்தின் கையில் இருந்ததால் பொய் எழுத ஆள் இல்லை. இன்றைக்கு இன்டர்நெட் வழியாக அழைப்பை உள்ளே விடும் கருவிகளில், அந்த இடத்தில் எந்த நம்பரை வேண்டுமானாலும் எழுதிவிடலாம். உங்கள் போனைத் தொடவே வேண்டாம். உங்கள் சிம்மும் தேவையில்லை.

இப்படி மோசடி செய்பவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டுப் பாதை வழியாக +91 நம்பரைக் காட்டி அனுப்பினார்கள். 2024 அக்டோபர் 22 அன்று மத்திய தொலைத்தொடர்புத் துறை இதைத் தடுக்க ஒரு அமைப்பைத் தொடங்கியது. தொடங்கிய 24 மணி நேரத்தில் சுமார் 1.35 கோடி போலி அழைப்புகளை அடையாளம் கண்டு நிறுத்தியதாக அறிவித்தார்கள். வெளிநாட்டில் இருந்து இந்திய நம்பர் காட்டி வந்த அழைப்புகளில் அது சுமார் 90 சதவீதம். உங்கள் நம்பர் மட்டும் எப்படி மாட்டியது என்று குழம்ப வேண்டாம் என்பதற்காகத்தான் இந்தக் கணக்கைச் சொல்கிறேன். தடுப்பு வந்த பிறகும் ஓட்டைகளைத் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

சரி, என்ன செய்வது?

திட்டுகிறவரிடம் போனை வைத்துவிடாதீர்கள். அவர்தான் உங்களுக்கு முதல் சாட்சி. தங்கச்சி மகளுக்கு நான் எழுதிக் கொடுத்தது இதுதான்: "அண்ணே, அந்தப் போன் என்கிட்ட இருந்து வரலை. யாரோ என் நம்பரைப் போலியாகக் காட்டுறாங்க. எத்தனை மணிக்கு வந்தது? சாதாரண அழைப்பா, வாட்ஸப் அழைப்பா? உங்க போன்ல இருக்கிறதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புங்க, நான் போலீஸ்ல கொடுக்கணும்." போலீஸ் என்ற வார்த்தையை நீங்களே முதலில் எடுத்தால் எதிராளியின் குரல் இறங்கும். குற்றம் செய்தவன் அதைச் சொல்ல மாட்டான் என்று அவருக்கே தோன்றும். ஒசூரில் இருந்து கூப்பிட்ட ஒருவர், மனைவியை மிரட்டிவிட்டார்கள் என்ற ஆத்திரத்தில் வாய்க்கு வந்தபடி பேசியவர், இதைக் கேட்டதும், "மன்னிச்சுக்கம்மா" என்று சொல்லி ஸ்கிரீன்ஷாட்டும் அனுப்பினார்.

வாட்ஸப்பா என்று கேட்பது முக்கியம். நம்பரை மாற்றிக் காட்டும் தந்திரம் சாதாரண அழைப்பில்தான் செல்லும். வாட்ஸப்பில் உங்கள் நம்பரிலேயே அழைப்பு போயிருந்தால், உங்கள் கணக்கே வேறு யார் கையிலோ இருக்கிறது. உடனே 'இணைத்த சாதனங்கள்' பகுதிக்குப் போய்த் தெரியாததை எல்லாம் வெளியேற்றுங்கள், இரண்டு கட்டச் சரிபார்ப்பைப் போடுங்கள். உங்கள் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு வேறு நம்பரில் இருந்து பேசினார்களா என்றும் கேளுங்கள். அது வேறு கதை, அந்த நம்பரைப் புகார் செய்தால் போதும்.

அடுத்து, உங்கள் பெயரில் நீங்கள் வாங்காத சிம் இருக்கிறதா என்று பாருங்கள். 'சஞ்சார் சாத்தி' என்ற அரசுத் தளத்திலோ செயலியிலோ உங்கள் பெயரில் உள்ள இணைப்புகளைப் பார்க்கும் பகுதி இருக்கிறது. நம்பரைக் கொடுத்து ஓடிபி போட்டால் பட்டியல் வரும். உங்களுடையது இல்லாத நம்பர் இருந்தால் 'என்னுடையது இல்லை' என்று அங்கேயே சொல்லிவிடலாம். ஆதார் நகலை யாரோ பயன்படுத்தி சிம் வாங்கியிருந்தால், போலீஸ் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டுவது அதற்காகவும் இருக்கலாம். கையோடு, போன் அமைப்பில் அழைப்பு வேறு எங்காவது திருப்பி விடப்பட்டிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

இனி நான் ஊன்றிச் சொல்ல விரும்புவது. உங்கள் போனில் உள்ள அழைப்புப் பட்டியலை நம்பி உட்காராதீர்கள். அதை யார் வேண்டுமானாலும் அழிக்கலாம் என்பது போலீஸுக்குத் தெரியும். பல போன்களில் பழையது தானாகவே போய்விடும். உங்களுக்கு இணைப்பு கொடுத்த போன் நிறுவனத்தின் பதிவேட்டில் நீங்கள் கை வைக்க முடியாது. அதனால்தான் அதற்கு மதிப்பு. உங்கள் நம்பரில் இருந்து கிளம்பிய அழைப்பு அங்கே இருக்கும், கிளம்பாத அழைப்பு அங்கே இருக்கவே இருக்காது.

போஸ்ட்பெய்டு என்றால் விவரமான பில் கேளுங்கள். ப்ரீபெய்டுக்கும் கேட்கும் உரிமை உண்டு. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2012-இல் போட்ட நுகர்வோர் பாதுகாப்பு விதிப்படி, முந்தைய 6 மாதம் வரைக்குமான விவரத்தைக் கேட்டால் கொடுக்க வேண்டும்; கட்டணம் 50 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது. சில நிறுவனங்களின் செயலியிலேயே எடுக்கலாம். கடைக்கவுண்டரில் "அன்லிமிட்டெட் பிளானுக்கு அதெல்லாம் வராது" என்று கைவிரித்தால் விட்டுவிடாதீர்கள். வாடிக்கையாளர் சேவையில் புகார் பதிந்து, அதற்கான பதிவு எண்ணை (டாக்கெட் நம்பர்) வாங்குங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதுங்கள்.

தங்கச்சி மகளின் விவரப் பட்டியல் வந்ததும் இரண்டு பேரும் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்துப் பார்த்தோம். ஒசூர்க்காரர் வீட்டுக்கு மிரட்டல் வந்தது இரவு 9:40-க்கு. பட்டியலில் அன்று இரவு 8:52-க்கு எனக்குப் பேசிய ஒரு அழைப்பு. அடுத்த வரி மறுநாள் காலை 6:20, பால்காரருக்கு. நடுவில் ஒன்றும் இல்லை. அந்த இரண்டு வரிக்கும் நடுவே பென்சிலால் கோடு போட்டு, ஓரத்தில் 9:40 என்று எழுதி, ஸ்கிரீன்ஷாட்டின் நகலைப் பின்னால் சேர்த்தோம். காவல் நிலையத்தில் அரைமணி நேரம் வாயால் விளக்க வேண்டியதை அந்த ஒரு தாள் சொல்லிவிட்டது.

அப்புறம் புகார். மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்திலோ உங்கள் ஊர்க் காவல் நிலையத்திலோ நீங்களே போய் முதலில் மனு கொடுத்துவிடுங்கள். யாராவது உங்கள் மேல் புகார் கொடுத்த பிறகு போய் நிற்பதற்கும், முன்னாலேயே மனு கொடுத்து வைத்திருப்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். மனு நீளமாக வேண்டாம். இப்படி இருந்தால் போதும்:

"பொருள்: எனது கைபேசி எண்ணைப் போலியாகக் காட்டி மூன்றாம் நபர்களை மிரட்டுவது குறித்து. ஐயா, மேற்படி எண் என் பெயரில் உள்ளது. சிம் என் வசம் உள்ளது. இன்ன தேதி முதல் என் எண்ணில் இருந்து மிரட்டல் அழைப்பு வந்ததாகப் பலர் என்னைத் தொடர்பு கொள்கிறார்கள். அந்த நேரங்களில் என் எண்ணில் இருந்து எந்த அழைப்பும் செல்லவில்லை என்பதற்கு நிறுவனத்தின் விவரப் பட்டியலை இணைத்துள்ளேன். அழைப்பு பெற்றவர்களின் நிறுவனத்தில் இருந்து, அந்த அழைப்புகள் எந்தப் பாதையில் வந்தன என்ற விவரத்தைப் பெற்று நடவடிக்கை எடுக்க வேண்டுகிறேன்."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். உங்கள் பதிவேட்டைக் குடைந்தால் நீங்கள் நிரபராதி என்பது மட்டும்தான் தெரியும். திருடனைப் பிடிக்க, அழைப்பு போய் விழுந்த இடத்தில் இருந்து பின்னோக்கிப் போக வேண்டும். எந்த நிறுவனத்தின் எந்த வாசல் வழியாக அது உள்ளே நுழைந்தது என்பது பெற்றவருடைய நிறுவனத்திடம்தான் இருக்கும். அதனால் உங்களைத் திட்டியவரையும் சஞ்சார் சாத்தியில் உள்ள 'சக்ஷு' பகுதியில் புகார் செய்யச் சொல்லுங்கள். அழைப்பு வந்து 30 நாளுக்குள் செய்ய வேண்டும். பணம் போயிருந்தால் அவர் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழைக்க வேண்டும்.

மனு கொடுத்தால், அதைப் பதிந்துகொண்டதற்குக் காவல் நிலையம் கொடுக்கும் சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டு வாங்குங்கள். "வாய்மொழியாகச் சொல்லிட்டீங்க இல்ல, போயிட்டு வாங்க" என்றால் நகராதீர்கள். தொலைத்தொடர்புச் சட்டம் 2023-இன் 42-ஆம் பிரிவில், அழைப்பவரின் அடையாளத்தைத் திருத்துவதற்கு 3 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று இருக்கிறது. இது சில்லறை விஷயம் இல்லை என்று நயமாக எடுத்துச் சொல்லுங்கள்.

இந்த நேரத்தில் இன்னொரு ஆபத்து காத்திருக்கிறது, தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். "உங்கள் நம்பர் குற்றத்துக்குப் பயன்பட்டிருக்கிறது, டிராயில் இருந்து பேசுகிறோம், இரண்டு மணி நேரத்தில் இணைப்பு துண்டிக்கப்படும், 9-ஐ அழுத்துங்கள்" என்று ஒரு அழைப்பு வரலாம். உண்மையிலேயே நம்பர் போலியாகப் பயன்பட்டு நொந்து போயிருப்பவர்கள் இதை நம்பிவிடுவார்கள். டிராய் யாருடைய இணைப்பையும் இப்படிக் கூப்பிட்டுத் துண்டிப்பதில்லை. அடுத்து வீடியோவில் காக்கிச் சட்டை வரும், 'டிஜிட்டல் கைது' என்பார்கள். அப்படி ஒரு கைது சட்டத்தில் கிடையாது. 2024 அக்டோபர் 27 மனதின் குரல் நிகழ்ச்சியில் பிரதமரே இதைச் சொன்னார். கட் பண்ணுங்கள். பணம் அனுப்பாதீர்கள்.

உண்மையான போலீஸ் விசாரணை வேறு மாதிரி இருக்கும். ஆஜராகச் சொல்லும் நோட்டீஸ் காகிதத்தில் வரும். வாட்ஸப்பில் அந்த நோட்டீஸை அனுப்பக்கூடாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நோட்டீஸ் வந்தால் தட்டிக் கழிக்காமல், இதுவரை சேர்த்த காகிதங்களின் கோப்போடு போங்கள், ஒரு வழக்கறிஞரையும் கூட்டிக்கொள்ளுங்கள். சாட்சியாக விசாரிக்க என்றால், பெண்களையும் 60 வயதுக்கு மேற்பட்டவர்களையும் அவர்கள் இருக்கும் இடத்துக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-இன் 179-ஆம் பிரிவு சொல்கிறது. போனைக் கொடுக்கச் சொன்னால், கைப்பற்றியதற்கான ரசீதை எழுதி வாங்காமல் வெளியே வராதீர்கள்.

தொழில் செய்கிறவர்களுக்கு ஒன்று. திட்டியவர்களில் பலர், கூப்பிடுபவர் யார் என்று காட்டும் ட்ரூகாலர் செயலியில் உங்கள் நம்பரைத் தொல்லை நம்பர் என்று குறித்திருப்பார்கள். வாடிக்கையாளர் போனில் நீங்கள் சிவப்பாகத் தெரிவீர்கள். உங்கள் குடும்பத்தாரின் போனில் இருந்து உங்கள் நம்பரைப் பார்த்தால்தான் இது தெரியும். அவர்களுடைய உதவிப் பகுதியில் எழுதினால் சரிசெய்யக் கேட்கலாம். தங்கச்சி மகள் அதோடு வாட்ஸப் ஸ்டேட்டஸில், "என் நம்பரைப் போலியாகக் காட்டி யாரோ பேசுகிறார்கள், காவல் நிலையத்தில் மனு கொடுத்திருக்கிறேன், கடன் வசூல் என்று நான் யாரையும் கூப்பிடவில்லை" என்று போட்டாள். வாடிக்கையாளர்கள் ஒருவரும் விலகவில்லை.

நம்பரை மாற்றத் தேவையில்லை. இந்தக் கும்பல்கள் ஒரே நம்பரை நெடுநாள் காட்டுவதில்லை. அழைப்புகளை யாரும் எடுக்காமல் போகும்போது அடுத்த நம்பருக்குத் தாவிவிடுவார்கள். மாற்றினால் உங்கள் வங்கிக் கணக்கு, ஆதார், கேஸ் புக்கிங் என்று எல்லாவற்றையும் நீங்கள்தான் மாற்றிக்கொண்டு அலைய வேண்டும். போதாக்குறைக்கு, பழி வந்ததும் நம்பரை மாற்றியவர் என்று பார்ப்பவர்களுக்குச் சந்தேகமும் வரும்.

திட்டும் அழைப்புகள் நின்ற பிறகும் கோப்பைத் தூக்கிப் போட வேண்டாம். நிறுவனங்கள் அழைப்புப் பதிவுகளைக் குறைந்தது 2 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது விதி. எங்கேயோ ஒருவர் கொடுத்த புகார் மெதுவாக நகர்ந்து பல மாதம் கழித்தும் உங்கள் நம்பரைத் தேடி வரலாம். விவரப் பட்டியல், ஸ்கிரீன்ஷாட்டுகளின் அச்சு, மனு நகல், சி.எஸ்.ஆர். ரசீது, டாக்கெட் நம்பர் ஐந்தையும் ஒரே உறையில் போட்டு, ரேஷன் கார்டு வைக்கும் இடத்தில் வையுங்கள். எங்கே இருக்கிறது என்று வீட்டில் இன்னொருவரிடமும் சொல்லி வையுங்கள்.