கருத்துமுதல்வாதம் படிக்கிறவர்கள் சறுக்கும் இடங்கள்

பாளையங்கோட்டையில் ஞாயிறுதோறும் நாலைந்து பேர் கூடித் தத்துவம் வாசிக்கிறோம். மனமும் கருத்தும்தான் முதல், பொருள் அதற்குப் பிறகுதான் என்கிற கருத்துமுதல்வாதத்தைப் படிக்கப் புதிதாக வருகிற தம்பிகள் இருபது வயதில் நான் செய்த அதே தப்புகளைச் செய்கிறார்கள். பெயர், ஆண்டு மாறிப்போவதெல்லாம் தானாகச் சரியாகிவிடும், அதை விடுங்கள்.

இலட்சியவாதம் என்று நினைப்பது

அது வேறு, இது வேறு. இலட்சியவாதம் உயர்ந்த குறிக்கோளைப் பிடித்து நடப்பது.

“அப்போ வெள்ளம் பொய்யா?”

எல்லாம் மனம்தான் என்றால் இது என்ன என்று, 2023 டிசம்பர் தாமிரபரணி வெள்ளத்தில் குறுக்குத்துறை முருகன் கோயில் மூழ்கிக் கிடந்ததைச் சொல்லி ஒரு தம்பி இப்படிக் கேட்டார். 1763இல் ஆங்கில எழுத்தாளர் சாமுவேல் ஜான்சன் ஒரு பெரிய கல்லை ஓங்கி உதைத்து, கருத்துமுதல்வாதத் தத்துவவாதி பார்க்லியை மறுத்துவிட்டதாகச் சொன்னதும் இதே வாதம்தான். ஆனால் 1710இல் எழுதிய பார்க்லி உலகம் இல்லை என்று சொல்லவே இல்லை. கல்லின் கடினம், கால்வலி, வெள்ளத்தின் இழுப்பு எல்லாம் உண்டு, அவற்றுக்குப் பின்னால் எந்த மனமும் அறியாத சடப்பொருள் ஒன்று தனியாக இருக்கிறது என்பதைத்தான் அவர் மறுத்தார். யாரும் பார்க்காத நேரத்தில் கல் என்ன ஆகும் என்றால், கடவுளின் மனத்தில் இருக்கும் என்பது அவர் பதில்.

இது தெரியாமல் இரண்டு வருடம் அவரைத் திட்டித் திரிந்தேன். என் பேச்சைக் கேட்டு ஒரு பையன் படித்துக்கொண்டிருந்த புத்தகத்தைப் பாதியில் திருப்பிக் கொடுத்துவிட்டான், அது இன்றும் உறுத்துகிறது. கடைசியில் ஒரு அண்ணாச்சிதான் மார்கழி விடியலில் என்னைத் தாமிரபரணிப் படித்துறைக்குக் கூட்டிப்போனார். வெளியே பனி, தண்ணீர் வெதுவெதுவென்று இருந்தது. மத்தியானம் வெயிலில் நடந்து வந்து அதே படியில் கால் வைத்தால் சில்லென்று இருந்தது. “தம்பி, சூடு ஆத்துல இருக்கா, உன் கால்ல இருக்கா?” என்றார். ஒரு கை சூடாகவும் மறு கை குளிர்ந்தும் இருக்க, இரண்டையும் ஒரே தண்ணீரில் விடச் சொல்லி பார்க்லி 1713இல் எழுதிய உரையாடலில் கேட்பதும் இதைத்தான். பதில் சொல்ல முயன்றபோதுதான் பார்க்லி என்ன கேட்கிறார் என்றே எனக்குப் புரிந்தது.

காண்டும் பார்க்லியும் ஒன்று என்பது

இல்லை. இப்படிச் சொன்னவர்களுக்காகவே ஜெர்மன் தத்துவவாதி காண்ட் தன் ‘தூய அறிவின் விமர்சனம்’ நூலின் 1787 பதிப்பில் தனியாக ஒரு மறுப்பு சேர்த்தார்.

மாயை என்றால் எல்லாருக்கும் பொய்த்தோற்றம் என்பது

கருத்துமுதல்வாதம் என்றதும் மாயையையும் இழுத்து எல்லாம் பொய் என்கிறார்கள். நம் ஊரில் இது நடக்கவே கூடாது. சைவ சித்தாந்தத்தில் மாயை குடத்துக்கு மண் போல, உலகம் உண்டாகிற முதற்பொருள், அது உள்பொருள், அதாவது உண்மையாகவே இருப்பது. உலகத்தை மாயை என்ற அத்வைதி சங்கரர்கூட, தூணைப் பார்க்கிறவன் தூணைத்தான் பார்க்கிறான், தன் அறிவை அல்ல என்று, அறிவு மட்டுமே உண்டு என்கிற விஞ்ஞானவாத பௌத்தர்களை மறுத்தவர்.

காண்டிலிருந்து தொடங்குவது

வேண்டாம். முதலில் அந்த 1713 உரையாடல்களைப் படியுங்கள்.