காசும் மோதிரமும் தேட: மெட்டல் டிடெக்டரை முதன்முதலில் கையில் எடுப்பவர்களுக்கு

மெட்டல் டிடெக்டருக்குத் தங்கம் என்று ஒன்று இருப்பதே தெரியாது. கருவியின் அடியில் இருக்கும் வட்டமான கம்பிச்சுருளுக்குக் காயில் (coil) என்று பெயர். அது மண்ணுக்குள் மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலத்தை அனுப்புகிறது. அங்கே உலோகம் இருந்தால் அதற்குள் சிறிய சுழல் மின்னோட்டம் எழும். அந்த மின்னோட்டம் உண்டாக்கும் மாற்றத்தைக் காயில் பிடித்து, ஒலியாகவும் திரையில் ஓர் எண்ணாகவும் தருகிறது. கனமான வெள்ளிக் காசுக்கு எண் உயர்வாக வரும், இரும்பு ஆணிக்குத் தாழ்வாக வரும். மெல்லிய தங்க மோதிரம் நடுவில் விழும். சிக்கல் அங்கேதான்: சாக்லேட் சுற்றிய அலுமினியத் தாளும் குளிர்பான டின்னின் இழுப்பு வளையமும் விழுவது அதே இடத்தில். குப்பையைத் தோண்டச் சலித்தவருக்கு மோதிரம் கிடைக்காது.

தேடும் முன்

நிலத்துக்கு உரியவரிடம் அனுமதி வாங்குங்கள், எழுத்தில் இருந்தால் நல்லது. பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களுக்குப் போகவே கூடாது. பழம்பொருள் கிடைத்தால் யாரிடம் தெரிவிக்க வேண்டும் என்ற சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். கருவி வாங்கும் முன்பே அதைப் படித்துவிடுங்கள்.

என்ன வேண்டும்

காசுக்கும் நகைக்கும் மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணில் இயங்கும் வி.எல்.எஃப். (VLF) வகைக் கருவி போதும். குறைந்த அதிர்வெண், அதாவது 5 முதல் 8 கிலோஹெர்ட்ஸ், பெரிய வெள்ளி, செம்புக் காசுகளை ஆழத்தில் நன்றாகப் பிடிக்கும். 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் போனால் மெல்லிய தங்கம் தெளிவாகக் கேட்கும். கடற்கரைதான் உங்கள் இடம் என்றால் ஒரே நேரத்தில் பல அதிர்வெண்களில் இயங்கும் மல்டி ஃப்ரீக்வென்சி கருவியை எடுங்கள். உப்பு நீர் ஊறிய மணல் தானே மின்சாரத்தைக் கடத்துவதால், ஒற்றை அதிர்வெண் கருவி அங்கே ஓயாமல் உளறும்.

காயில் 9 முதல் 11 அங்குலம் இருக்கட்டும். குப்பை நிறைந்த பூங்காவில் அதைவிடச் சிறியது நல்லது. அடுத்தடுத்துக் கிடக்கும் இரண்டு பொருள்களைப் பிரித்துக் காட்டும். ஹெட்போன், குழிக்குள் பொருள் இருக்கும் இடத்தைத் துல்லியமாகக் காட்டும் கையடக்க பின்பாயிண்டர், உறுதியான தோண்டுகத்தி, கையுறை, மண்ணைக் கொட்ட ஒரு துணி, குப்பை போட ஒரு பை. பின்பாயிண்டரை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அது இல்லாவிட்டால் மண் நிறத்தில் இருக்கும் காசைக் குழிக்குள் தேடியே பாதி நேரம் போய்விடும்.

காதைப் பழக்குங்கள்

நீங்கள் தோண்டக்கூடிய ஒரு மூலையில், ஏற்கெனவே உலோகம் இல்லை என்று சோதித்துவிட்டு, அரை மீட்டர் இடைவெளியில் இவற்றைப் புதையுங்கள்: 5, 10, 15 செ.மீ. ஆழத்தில் ஒவ்வொரு காசு, 8 செ.மீ.யில் ஒரு மோதிரம், பக்கத்தில் இழுப்பு வளையம், கசங்கிய அலுமினியத் தாள், ஆணி, இரும்பு பாட்டில் மூடி. எது எங்கே என்று குறித்து வைத்து, ஒவ்வொன்றின் ஒலியும் மனத்தில் பதியும்வரை திரும்பத் திரும்பக் கேளுங்கள்.

வீட்டுத் தரையில் சோதித்தால் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி உங்களை ஏமாற்றும். 1881இல் அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டின் உடலில் பாய்ந்த குண்டைத் தேட அலெக்ஸாண்டர் கிரகாம் பெல் இப்படியொரு கருவியைக் கொண்டுபோனார். குண்டு அகப்படவில்லை. படுக்கையின் உலோகச் சுருள்களும் அதைக் குழப்பின என்பார்கள். கைக்கடிகாரம், கைபேசி, இரும்பு முனை வைத்த காலணி எல்லாம் காயிலை விட்டுத் தள்ளியே இருக்கட்டும்.

அமைப்புகள்

முதலில் கிரவுண்ட் பேலன்ஸ், அதாவது மண்ணே எழுப்பும் சிக்னலைக் கருவி பொருட்படுத்தாதபடி சரிசெய்வது. உலோகம் இல்லாத இடத்தில் காயிலைத் தரையிலிருந்து 3 செ.மீ. முதல் 20 செ.மீ. வரை மேலும் கீழும் அசைத்து, ஒலி மாறாமல் நிற்கும்வரை சரிசெய்யுங்கள். அடுத்தது சென்சிட்டிவிட்டி, அதாவது கருவி எவ்வளவு மெல்லிய சிக்னலைப் பிடிக்கும் என்ற அளவு. இதை உச்சத்தில் வைப்பதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் பிழை. அப்படி வைத்தால் கருவி காரணமின்றிக் கீச்சிடும், உண்மையான மெல்லிய சிக்னல் அந்த இரைச்சலில் மூழ்கிப்போகும். இரைச்சல் அடங்கும்வரை ஒவ்வொரு படியாகக் குறையுங்கள். வேண்டாத உலோகங்களுக்கு ஒலிக்காமல் வடிகட்டும் டிஸ்கிரிமினேஷனில் இரும்பை மட்டும் ஒதுக்குங்கள்.

வீசும் விதம்

காயில் தரைக்கு 2 முதல் 3 செ.மீ. உயரத்தில், தரைக்கு இணையாகவே நகர வேண்டும். வீச்சின் இரு முனைகளிலும் ஊஞ்சல்போல மேலே எழுந்தால் அந்த ஓரங்களில் ஆழம் போய்விடும். இடமிருந்து வலம் போய்த் திரும்ப மூன்று, நான்கு நொடி. ஒவ்வொரு வீச்சும் முந்தையதன் மேல் பாதியாவது விழட்டும், ஏனென்றால் காயிலின் பார்வை கீழே போகப்போகக் குறுகும். ஒரே நாளில் மைதானம் முழுவதையும் அளக்க வேண்டாம். பத்துக்குப் பத்து மீட்டரை ஒழுங்காக முடித்தாலே போதும்.

சிக்னல் வந்ததும் எதிர்த்திசையில் வீசுங்கள், பிறகு 90 பாகை திரும்பி மறுபடி வீசுங்கள். காசு எப்பக்கமும் ஒரே மாதிரி உருண்டையாக ஒலிக்கும். ஒரு பக்கம் மட்டும் கேட்டு மறுபக்கம் உடைந்தால் பெரும்பாலும் வளைந்த ஆணி. மெல்லிய சங்கிலி மட்டும் விதிவிலக்கு: கருவி முழுச் சங்கிலியைக் காணாது, ஒவ்வொரு கண்ணியையும் தனித்தனியாகவே காணும். அதனால் கனமான சங்கிலிகூட அற்பச் சிக்னலாய்த் தெரியும்.

தோண்டுவது

ஒலி உச்சமாகும் இடத்தைக் குறுக்கும் நெடுக்குமாகக் கடந்து, இரண்டு கோடும் சந்திக்கும் புள்ளியைக் குறியுங்கள். கத்தியைப் புள்ளியின்மேல் இறக்காதீர்கள். சுற்றி 8 முதல் 10 செ.மீ. தள்ளி மூன்று பக்கம் மட்டும் வெட்டி, நான்காம் பக்கத்தைக் கீல்போல விட்டு, புல்லை வேரோடு மடக்கித் திறவுங்கள். மண்ணைத் துணியில் கொட்டிப் பின்பாயிண்டரால் தேடுங்கள். எடுத்த பிறகும் குழியை ஒருமுறை சோதியுங்கள். ஒரே பையிலிருந்து விழுந்த காசுகள் சேர்ந்தே கிடக்கும். பின் மண்ணைத் திருப்பிக் கொட்டி, புல்லை மூடி, காலால் அழுத்துங்கள். கோடை வறட்சியில் இப்படி வெட்டிய புல் காய்ந்துவிடும், அந்தக் காலத்தில் புல்வெளியை விட்டுவிடுங்கள். கேபிளோ, வெடிபொருள் போன்ற எதுவுமோ தெரிந்தால் தொடாமல் விலகி உரியவர்களுக்குத் தெரிவியுங்கள்.

கடற்கரையில் ஓதம் வற்றும் நேரத்தில் நீரோரமாக நடங்கள். குளிர்ந்த நீரில் விரல் சுருங்கி மோதிரம் நழுவுவது அங்கேதான். தோண்டுகத்திக்குப் பதில் ஓட்டையுள்ள மணல் சல்லடைக் கரண்டி வேண்டும். வீடு திரும்பியதும் காயிலை நல்ல நீரில் கழுவுங்கள். நீர்புகாத கருவி என்றால் மட்டும் மற்ற பகுதிகளையும் நனைக்கலாம்.

கிடைத்ததை

காசைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்க்க ஆசை எழும். தேய்க்காதீர்கள். ஒட்டியிருக்கும் மணல் அரத்தாள்போல காசின் முகத்தைக் கீறும், பழைய காசின் மதிப்பு அங்கேயே போகும். வெள்ளியை நீரில் அலசி உலர்த்துங்கள். செம்பில் ஈரம் வேண்டாம், காய்ந்த பிறகு மென்தூரிகையால் மண்ணைத் தட்டிவிடுங்கள். தங்க மோதிரத்துக்கு இளஞ்சூடான சோப்பு நீரும் மென்மையான பல்துலக்கியும் போதும். முத்து பதித்திருந்தால் ஊறவைக்கக் கூடாது. உட்பக்கத்தைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். பெயரின் முதலெழுத்தோ திருமணத் தேதியோ பொறித்திருந்தால், அதைத் தேடிக்கொண்டிருப்பவர் இன்னும் இருக்கலாம். அறிவிப்புக் கொடுக்கும்போது பொறித்த எழுத்தை வெளியில் சொல்லாதீர்கள். அதைச் சொல்லிக் கேட்பவர்தான் சொந்தக்காரர்.