வில்லையைத் தூக்கிப் பார்த்தீர்களா? அயனித் திரவம் வடிவமைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆய்வகத்துக்குப் புதிதாக வந்த இரண்டு பேர் போன வாரம் பாக்டீரியா வளர்க்கிற ஒரு அகார் தட்டை நீட்டி, "அண்ணா, எட்டு அயனித் திரவம் வச்சோம், ஒண்ணுக்கும் வட்டமே விழல, எல்லாமே பசுமை" என்றார்கள். அயனித் திரவம் என்றால் குறைந்த வெப்பத்திலேயே திரவமாக இருக்கிற உப்பு; வட்டம் என்றால் அதைச் சுற்றி பாக்டீரியா வளராத இடம்; பசுமை என்றால் சுற்றுச்சூழலைக் கெடுக்காதது. முகத்தில் அவ்வளவு சந்தோஷம். ஆறு வருஷத்துக்கு முன்னால் இதே தட்டை, இதே சிரிப்போடு நீட்டியவன் நான். கையுறை போடு, எடையைச் சரியாகப் பார் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன். கீழே ஒவ்வொரு தலைப்பும் ஒரு தவறு.

ஆவியாகாது, அதனால் பசுமை

காற்றில் போகாது, சரி. தொட்டியில் கழுவி ஊற்றினால் தண்ணீரில் போகும், மண்ணில் சேரும். இங்கிலாந்தின் வடகிழக்கில் ஒரு குப்பைக்கிடங்கைச் சுற்றியுள்ள மண்ணில் ஆக்டைல் மீத்தைல் இமிடசோலியம் என்ற அயனித் திரவ நேரயனி (உப்பின் நேர்மின் பாதி) இருந்ததை நியூகாசில் ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்டார்கள்.

வாலை நீட்டிக்கொண்டே போவது

வால் என்பது நேரயனியில் தொங்குகிற கார்பன் சங்கிலி. இமிடசோலியத்தில் 2, 4 கார்பன் வால் இருக்கும்வரை பாக்டீரியா பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். 8, 10, 12 என்று நீட்டினால், தலையில் நேர்மின்னும் பின்னால் கொழுப்பு வாலுமாக, தரை துடைக்கும் கிருமிநாசினியில் இருக்கிற பென்சால்கோனியம் குளோரைடுக்குத் தங்கை மாதிரி ஆகிவிடும். செல் சவ்வுக்குள் வாலைச் செருகிக் கிழிக்கும். நீளமான வால் வேண்டியே தீரும் என்றால் நடுவில் ஒரு ஈதர் ஆக்சிஜன் வையுங்கள், நச்சு குறையும். எஸ்டர் வைத்தால் நுண்ணுயிரே வெட்டித் தின்ன ஒரு இடம் கிடைக்கும்.

வட்டம் இல்லை, அதனால் நச்சு இல்லை

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. 6 மில்லிமீட்டர் காகித வில்லையில் திரவத்தை நனைத்து, ஈ.கோலி பாக்டீரியா பரப்பிய அகார் மேல் வைத்து, மறுநாள் சுற்றிலும் தெளிவான வட்டம் எவ்வளவு என்று அளப்பது. மலிவு, சுலபம், படமும் அழகாக வரும். ஆனால் வட்டம் விழ வேண்டுமானால் அந்தப் பொருள் முதலில் அகாருக்குள் பரவியாக வேண்டும். அகார் என்பது பெரும்பாலும் தண்ணீர். தண்ணீரோடு ஒட்டாத அயனித் திரவம் அங்கே எப்படிப் போகும்?

நான் எடுத்துக்கொண்ட எதிரயனி (உப்பின் எதிர்மின் பாதி) தண்ணீரோடு ஒட்டாத பிஸ்-ட்ரைஃப்ளூரோமீத்தேன்சல்ஃபோனைல் இமைடு. வாலை 4, 6, 8, 10 என்று நீட்டினேன். வட்டம் சுருங்கிக்கொண்டே போய் 10-இல் காணாமலே போனது. உலகமே நீள வால் நச்சு என்கிறது, எனக்கு மட்டும் தலைகீழாக வருகிறது, ஏதோ பெரிதாகக் கண்டுபிடித்துவிட்டோம் என்று நினைத்தேனே தவிர சந்தேகம் வரவில்லை. அதை நம்பி நான்கு மாதம், ஒன்பது சேர்மங்கள், அந்த எதிரயனியைத் தருகிற லித்தியம் உப்பு இரண்டு பாட்டில். அந்த உப்பின் விலை தெரிந்தவர்களுக்கு என் வயிற்றெரிச்சல் புரியும்.

நுண்ணுயிரியல் பிரிவில் இருந்த ஒரு அக்கா தட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். "தம்பி, வில்லையைத் தூக்கிப் பாத்தியா?" என்று கேட்டுவிட்டு இடுக்கியால் கிள்ளி எடுத்தார். காகிதம் எண்ணெய் வடியாமல் அப்படியே நனைந்திருந்தது. அதன் அடியில் வில்லை அளவுக்கே துல்லியமாக ஒரு சுத்தமான வட்டம். ஒரு செல்கூட வளரவில்லை. தொட்ட இடத்தில் எல்லாம் செத்திருந்தன, அதைத் தாண்டித் திரவம் நகரவேயில்லை. நான்கு மாதமாக நான் அளந்தது நச்சை அல்ல, பரவும் திறனை.

வில்லைக்குப் பதிலாக 96 குழித் தட்டில், திரவ ஊடகத்தில், படிப்படியாக நீர்த்து, வளர்ச்சி நிற்கும் குறைந்தபட்சச் செறிவைப் பாருங்கள். கரையாவிட்டால் டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானைக் கொஞ்சம் சேர்க்கலாம், ஆனால் வெறும் டிஎம்எஸ்ஓ போட்ட குழி ஒன்று பக்கத்தில் கட்டாயம். கலங்கலை மட்டும் நம்பாதீர்கள், எண்ணெய்த் துளியும் கலங்கலாகத்தான் தெரியும். ரெசாசுரின் சாயம் சேர்த்தால் உயிர் இருக்கிற குழி நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறும். அப்புறம், அளவை மில்லிமோலில் எழுதுங்கள். மில்லிகிராமில் எழுதி, கனமான மூலக்கூறை இலேசான மூலக்கூறோடு ஒப்பிடுகிற கூத்து இன்னும் நடக்கிறது.

புதியவர்களின் கையில் இடுக்கியைக் கொடுத்தேன். எட்டில் ஐந்துக்கு அடியில் வட்டம்.

கோலின் என்றாலே சாது

கோழித் தீவனத்தில் போடுகிற பொருள்தான். ஆனால் அதையே ஜெரானேட் என்ற எதிரயனியோடு சேர்த்தால் கிருமிகளைக் கொல்லும். அதற்காகவே அதை ஆராய்கிறார்கள். எதிரயனியைப் பார்க்காமல் நேரயனிக்கு மட்டும் நற்சான்று கொடுக்காதீர்கள். கோலினியம் அமினோ அமிலத் திரவங்களில் இன்னொரு தொல்லை: கரைசல் நல்ல காரம். பிஹெச் சரிசெய்யாமல் சோதித்தால், பாக்டீரியா செத்தது காரத்தாலா திரவத்தாலா என்று யாராலும் சொல்ல முடியாது.

கழுவாமல் சோதிப்பது

தயாரிப்பில் மிச்சமிருக்கிற மூலப்பொருள்களான மீத்தைல் இமிடசோலும் புரோமோ ஆல்கேனும் கொன்றதை உங்கள் திரவத்தின் கணக்கில் எழுதுவீர்கள்.

ஹெக்சாஃப்ளூரோபாஸ்பேட்

இந்த எதிரயனி தண்ணீரில் சிதைந்து ஹைட்ரஜன் ஃப்ளூரைடு என்ற கொடிய நச்சைத் தரும். வேண்டாம்.

ஈ.கோலியோடு நிறுத்துவது

அதற்கு வெளிச்சவ்வு ஒன்று கூடுதலாக உண்டு, கவசம் மாதிரி. அந்தக் கவசம் இல்லாத ஒரு ஸ்டாஃபிலோகாக்கஸ் பாக்டீரியாவும் ஒரு ஈஸ்ட்டும் சேர்த்து வையுங்கள்.

கொல்லவில்லை, அதனால் மட்கும்

இரண்டும் வேறு வேறு சோதனை. 28 நாளில் 60 சதவீதம் சிதைந்தால்தான் எளிதில் மட்கும் என்று சொல்லலாம். பியூட்டைல் மீத்தைல் இமிடசோலியம் பாக்டீரியாவைப் பெரிதாகத் தொந்தரவு செய்யாது. அந்த 28 நாளும் ஏறக்குறைய அப்படியே உட்கார்ந்திருக்கும்.