ஓவர்லேப்பை நீட்டினால் மட்டும் பசை இணைப்பு தாங்காது

எபாக்ஸிப் பசை போட்டு ஒட்டிய லேப் ஜாயின்ட் (ஒரு தகட்டின் முனைமேல் இன்னொன்றை ஏற்றி ஒட்டிய இணைப்பு) விட்டுப்போனால், ஓவர்லேப்பை, அதாவது தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் நீளத்தை, கூட்டலாம் என்றுதான் முதலில் தோன்றும். பெரும்பாலும் வீண் வேலை. சுமை பசை முழுக்கச் சமமாகப் பரவுவதில்லை, இரு முனைகளிலும் குவிகிறது. வோல்கர்சன் என்ற ஆய்வாளர் 1938-லேயே இதைக் கணக்கிட்டுக் காட்டினார். போதாததற்கு, இரு தகடுகளும் ஒரே கோட்டில் இல்லாததால் இழுக்கும்போது இணைப்பு வளைந்து, முனையில் பசையை உரிக்கிறது. ஷியரை (தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று வழுக்கப் பார்க்கும் விசையை) தாங்கும் பசைக்கு உரிப்புதான் எமன்.

கணக்கைப் பாருங்கள். 25.4 மி.மீ. அகலம், 1.6 மி.மீ. தடிமனில் 6061-டி6 அலுமினியத் தகடு, 12.7 மி.மீ. ஓவர்லேப். பசை சராசரியாக 20 மெகாபாஸ்கல் (சதுர மி.மீ.க்கு 20 நியூட்டன்) தாங்கினால் 6.45 கிலோநியூட்டன் கிடைக்கும். அப்போது தகட்டில் சுமார் 159 மெகாபாஸ்கல். ஓவர்லேப்பை இரட்டித்து அதே சராசரியை எதிர்பார்த்தால் தகட்டில் 318 வர வேண்டும். ஆனால் 276 மெகாபாஸ்கலை ஒட்டியே இந்தத் தகடு நிரந்தரமாக நீளத் தொடங்கி, முனைப் பசையைக் கிழித்துவிடும். ஆகவே தகட்டைத் தடிமனாக்குங்கள், முனையைச் சரிவாகச் சீவுங்கள், அல்லது இருபுறமும் தகடு வைத்து ஒட்டுங்கள். பிதுங்கி வரும் பசையை வழித்தெடுக்காமல் முனையில் சரிவாக விடுவதும் உதவும். செலவே இல்லாத வழி அது.

பசைப் படலம் 0.1 முதல் 0.25 மி.மீ. வரை இருக்கட்டும். அந்த அளவுக் கண்ணாடி மணிகளைப் பசையில் கலந்துவிட்டால், கிளாம்பை இறுக்கினாலும் பசை முழுதும் வெளியேறாது.

அசிட்டோனால் துடைத்த பிறகே உப்புத்தாள். வரிசை மாறினால் எண்ணெய்ப்பசை கீறல்களுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். தேய்த்தபின் புதுத் துணியால் ஒரே திசையில் மறுபடி துடைத்து, சுத்தமான தண்ணீர் ஊற்றுங்கள். படலமாக நின்றால் சரி. முத்து முத்தாகப் பிரிந்தால் திரும்பவும் முதலிலிருந்து. நன்றாகக் காயவைத்து, தாமதிக்காமல் ஒட்டுங்கள். ஈரத்தில் உழைக்கும் இணைப்புக்கு சிலேன் பிரைமர் (உலோகத்தையும் பசையையும் பிணைக்கும் முன்பூச்சு) அவசியம்.

பசையின் டேட்டா ஷீட்டில் இருப்பது ஒருமுறை இழுத்த வலிமை. பத்து லட்சம் சுழற்சி (சுமை ஏறி இறங்குவது) தாங்க வேண்டுமானால், உச்சச் சுமையை அதில் கால் பங்குக்குள் வைத்துத் தொடங்கி, நிஜ வெப்பத்திலும் ஈரத்திலும் சோதியுங்கள். சோதனையைச் சீக்கிரம் முடிக்க வேகத்தைக் கூட்டாதீர்கள்: பசை சூடாகும், தவழ்வு (நிற்கும் சுமையில் பசை மெல்ல மெல்ல நீள்வது) தெரியாமல் போகும். சுமையைப் பிடித்து நிறுத்தும் மெதுவான சுழற்சி, எண்ணிக்கையில் குறைவானாலும் அதிகம் கெடுக்கும்.

உடைந்த முகத்தைக் கட்டாயம் பாருங்கள். இரு தகட்டிலும் பசை ஒட்டியிருந்தால் சோதனையில் கிடைத்த வலிமை எண் பசையுடையது. ஒரு தகடு வெறுமையாகப் பளபளத்தால் அது மேற்பரப்புத் தயாரிப்பின் எண். எவ்வளவு பெரிதாக இருந்தாலும் டிசைனில் சேர்க்காதீர்கள்.