வறட்சி நிவாரணக் காணிக்கை: சபையாகத் திரட்டி அனுப்பும் முறை

பஞ்சம் என்று அறிவிக்கட்டும், பிறகு திரட்டலாம் என்று காத்திருந்தால் காலம் கடந்துவிடும். சோமாலியாவில் 2011 ஜூலையில் பஞ்சம் அறிவிக்கப்பட்டது. அதற்குள் ஏராளமானோர் இறந்திருந்தார்கள். உணவு நெருக்கடியை ஐந்து நிலைகளாகப் பிரிக்கும் ஐ.பி.சி. வரைபடம் இணையத்தில் இலவசம். ஐந்தாம் நிலைதான் பஞ்சம்; ஒரு பகுதி மூன்றாம் நிலைக்குப் போனதுமே காணிக்கையைத் தொடங்குங்கள்.

ஒரே ஞாயிறு உருக்கமாகப் பேசித் திரட்டுவதைவிட வாரந்தோறும் சிறிது எடுத்து வைப்பது நல்லது. பவுல் கொரிந்து சபைக்குச் சொன்ன வழியும் அதுதான். பணத்தை இருவர் எண்ணி, இருவரும் கையெழுத்திட வேண்டும். சபையின் பொதுக் கணக்கில் கலக்கவே கூடாது.

பழைய துணியும் அரிசி மூட்டையும் அனுப்பாதீர்கள். கப்பல் கூலி, சுங்கம், கிடங்கு வாடகை என்றே பாதி போய்விடும். அங்குள்ள சந்தையில் தானியம் இருந்தால் குடும்பங்களின் கையில் பணம் கொடுப்பதே மேல். கால்நடைக்குத் தீவனமா, பிள்ளைக்கு மருந்தா என்பதை அவர்களே முடிவு செய்வார்கள். சந்தையே படுத்துவிட்ட இடத்தில் மட்டும் உணவுப் பொருள். கடும் ஊட்டச்சத்துக் குறைவுள்ள குழந்தைக்குக் கொடுக்கும் நிலக்கடலைப் பசைப் பொட்டலம் 92 கிராம், 500 கலோரி. ஒரு குழந்தை தேற ஏறத்தாழ ஒரு பெட்டி, அதாவது 150 பொட்டலம், ஆகும்.

ஆழ்குழாய்க் கிணறு என்றால் எல்லோருக்கும் ஆசை, சபையின் பெயரைக் கல்லில் பொறிக்கலாம் அல்லவா! ஏமாற்றமும் இங்கேதான் அதிகம். வாசர் தேய்ந்து கைப்பம்பு நின்றுபோகும்; மாற்ற உதிரிபாகமும் இருக்காது, ஆளும் இருக்காது. எத்தியோப்பியாவின் பிளவுப் பள்ளத்தாக்கில் தண்ணீர் வந்தும் ஃப்ளோரைடு மிகுந்து குடிக்க உதவாமல் போன கிணறுகள் உண்டு. ஆகவே கிணறு தோண்டும் தொண்டு நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள்: ஃப்ளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்குள் இருக்கிறதா? ஒரு கைப்பம்பை 500 பேருக்கு மேல் நம்பியிருக்கிறார்களா? வீட்டிலிருந்து 500 மீட்டருக்குள் இருக்கிறதா? பழுதுபார்க்கும் செலவை யார் ஏற்பார்கள்? கடைசிக் கேள்விக்கு மழுப்பலான பதில் வந்தால் வேறு நிறுவனம் பாருங்கள்.

ஜெபக்கூட்டத்துக்கு வந்தால்தான் உதவி என்று நிபந்தனை போடாதீர்கள். செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் 1994-ல் வகுத்த நடத்தை விதிகள் அதைத் தடுக்கின்றன. கையெழுத்திட்ட கிறிஸ்தவ நிறுவனங்களையும் அவை கட்டுப்படுத்தும்.

அனுப்பிய ரசீதை அடுத்த ஞாயிறே அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். ஆறு மாதம் கழித்து அறிக்கை கேளுங்கள்.