பழைய கேட்டமரான்ல சுக்கான் இல்லையா? புதுசு மாட்டறப்ப இந்தத் தப்பெல்லாம் பண்ணீராதீங்க

பழைய கேட்டமரான் பாய்ப்படகு ஒண்ணு கம்மி விலைக்கு வருதுன்னா பெரும்பாலும் அதுல ஏதோ ஒண்ணு இல்லாமத்தான் இருக்கும், அடிக்கடி இல்லாம போறது படகைத் திருப்பற சுக்கான், பின்னாடி ரெண்டு ஹல்லுலயும், அதாவது கேட்டமரானோட ரெண்டு உடம்புலயும், தொங்கறது. நம்ம கோயமுத்தூர்ப் பக்கம் ஆளுங்களுக்கு இதுல ஒரு தைரியம் உண்டு, லேத் இருக்கு, பவுண்டரி இருக்கு, லேசர் கட்டிங் இருக்கு, கணபதி ஆவாரம்பாளையம்னு ஒரு சுத்து சுத்துனா எதையும் செஞ்சு வாங்கீரலாம்னு. வாங்கீரலாம்தானுங்க, அதுல சந்தேகமே இல்ல. ஆனா அந்தப் பாகம் எதோட போய்ச் சேரோணும், எந்தக் கோணத்துல நிக்கோணும்ங்கறதை அளக்காம செஞ்சா, பாக்க அச்சு அசலா இருக்கும், தண்ணியில எறக்குனா படகு சொன்ன பேச்சு கேக்காது.

மொதல்ல, சுக்கான்னா கீழ இருக்கற பிளேடு மட்டும்னு நெனைக்கறது. பிளேடைப் பிடிக்கற கீழ் காஸ்டிங், அதுக்கு மேல ஒரு காஸ்டிங், உள்ள பிளேடைக் கீழ நிறுத்தி லாக் ஆகற கேம், பிளஞ்சர், ஸ்பிரிங், சுக்கானைப் படகோட மாட்டற பின், சுக்கானைத் திருப்பற ரெண்டு டில்லர் கை, அதை இணைக்கற குறுக்குக் குழாய், நீங்க கையில புடிக்கற நீளக் குச்சி, இத்தனையும் சேர்ந்ததுதான் ஒரு செட். படகை வெலை பேசறதுக்கு முன்னாடியே இதுல எது இருக்கு எது இல்லன்னு எழுதி வெச்சுக்குங்க, படகு காசை விட இந்தச் செட்டு காசு ஜாஸ்தியாப் போறதும் உண்டு.

அடுத்தது, கேட்டமரான்தானேன்னு கெடைச்ச சுக்கானை வாங்கிப் போடறது. ஹோபிங்கற கம்பெனியோட 14-க்கும் 16-க்கும் ஒரே சுக்கான் செட்டுதான், ஆனா ஹோபி 18, பிரிண்டில், நாக்ரா எல்லாம் வேற வேற. என்ன மாடல்னு தெரியலீன்னா வலது ஹல்லோட பின்பக்கச் சுவர்ல ஒரு நம்பர் பதிச்சிருக்கும், அமெரிக்காவுல செஞ்ச ஹோபின்னா சிசிஎம்னு ஆரம்பிக்கும், அதை வெச்சுக் கண்டுபுடிங்க.

அந்தப் பின்பக்கச் சுவரைத்தான் டிரான்சம்ங்கறாங்க, சுக்கானைத் தாங்கற பிராக்கெட்டை, கட்ஜன்னு சொல்வாங்க, இந்தச் சுவர்லதான் போல்ட் பண்ணியிருக்கும். புது சுக்கான் வாங்கற அவசரத்துல இதை யாரும் பாக்கறதில்ல. ஒரு ரூபா காசை வெச்சு சுத்திலும் தட்டுங்க, கணீர்னு கேட்டா நல்லா இருக்கு, பொத்துனு கேட்டா உள்ள ஃபைபர் லேயர் விட்டுப் போச்சுன்னு அர்த்தம். ஓட்டை பெருசாயிருந்தா பெரிய ஸ்க்ரூவா ஏத்தி இறுக்கறது வேண்டவே வேண்டாம், எபாக்ஸியில அடைச்சு, புதுசா ஓட்டை போட்டு, உள்பக்கம் ஒரு பேக்கிங் பிளேட், அதாவது தாங்கு தகடு, குடுத்து போல்ட் போடோணும். உள்ள கை போகாதுன்னா டெக்குல ஒரு இன்ஸ்பெக்‌ஷன் மூடி வெட்டித்தான் ஆகோணும்.

இப்ப நம்மூரு ஆளுங்க விழற குழிக்கு வர்றேன். யாருகிட்டயாவது ஒரு பழைய காஸ்டிங்கை இரவல் வாங்கி அதையே பேட்டர்னா வெச்சு மண்ணுல அச்செடுத்து ஊத்தறது. அலுமினியம் ஆறும்போது 1.3 சதவீதம் மாதிரி சுருங்கும், 200 மி.மீ இருந்த பாகம் ரெண்டரை மி.மீ கொறஞ்சு வரும், அப்புறம் பின் ஓட்டையும் கட்ஜன் ஓட்டையும் நேருக்கு நேர் வராது, வர வெக்கறதுக்கு ராவிப் பெருசு பண்ணுவாங்க, அதோட ஆட்டம் ஆரம்பிக்கும். சுருக்கத்துக்குச் சேர்த்து தனியா பேட்டர்ன் செஞ்சு, ஓட்டையெல்லாம் ஊத்துனதுக்கு அப்புறமேட்டு மெஷின்ல போடச் சொல்லுங்க. உலோகத்தையும் வாயைத் தொறந்து கேக்கோணும், எல்எம் 6 இல்லாட்டி எல்எம் 25-ங்கற அலுமினியக் கலவை. என்ன கலந்திருக்குன்னே தெரியாத ஸ்க்ராப்பை உருக்கி ஊத்துனா அதுல செம்பு சேர்ந்திருக்கும், கொச்சிக்குக் கொண்டுபோயி உப்புத்தண்ணியில ஓட்டுனா சீக்கிரமே அரிச்சு பொடிப்பொடியா உதிரும். எஸ்எஸ் போல்ட் அலுமினியத்தைத் தொடற எடத்துலயும் அரிப்பு வரும், நடுவுல ஆன்டி சீஸ் பேஸ்ட் தடவாம மாட்டாதீங்க.

பிளேடுக்கு எஸ்எஸ் தகட்டை லேசர்ல வெட்டி மாட்டீரலாம்னு ஒரு யோசனை வரும், வேண்டாமுங்க. 80 செ.மீ நீளம் 20 செ.மீ அகலம் 6 மி.மீ தகடுன்னா ஒண்ணே சுமார் ஏழரைக் கிலோ, ரெண்டும் சேர்ந்து 15 கிலோ, ஹோபி 16-னா மொத்தப் படகே 145 கிலோதான், அத்தனை பாரமும் பின்னாடி கோடியில அந்தப் பின்னுல தொங்கும். அதை விடப் பெரிய கோளாறு அது தட்டையா இருக்கறது. தட்டைப் பலகையைக் கொஞ்சம் திருப்புனாலே தண்ணி ஒரு பக்கம் பிரிஞ்சு போயிரும், சுக்கானுக்குப் பிடிப்பே இருக்காது, படகு திரும்பாம நேராவே போகும். பிளேடு முன்விளிம்பு உருண்டையா, முன்னால இருந்து 30 சதவீதத்துல அதிகத் தடிமன், அங்கிருந்து பின்னால மெலிஞ்சுட்டே போகோணும். நாகா 0012-ங்கற வடிவம் இதுக்குப் பொருத்தம், 20 செ.மீ அகலத்துக்கு 24 மி.மீ தடிமன், அது முன்விளிம்புல இருந்து 6 செ.மீ தள்ளி வரும். ஆனா காஸ்டிங்கோட இடைவெளி எவ்வளவுன்னு முதல்ல அளந்துக்குங்க, அது கம்மியா இருந்தா தடிமனையும் கொறைக்கோணும். பின்விளிம்பைக் கத்தி மாதிரி ஆக்கவும் வேண்டாம் உருட்டவும் வேண்டாம், ரெண்டு மி.மீ விட்டு சதுரமா வெட்டுங்க, உருட்டி விட்டா வேகமாப் போறப்ப ங்ஙொய்னு அதிரும்.

மரத்துல செய்யறவங்க ஐஎஸ் 710 முத்திரை இருக்கற மெரைன் பிளை வாங்குங்க, சாதா வாட்டர் புரூஃப் பிளை பத்தாது. மேல சுத்தறதுக்கு பாலியஸ்டர் ரெசின் கேட்டா கம்மி விலைன்னு குடுப்பாங்க, அது மரத்தைச் சரியாப் புடிக்காது, எபாக்ஸிதான் போடோணும். போல்ட் ஓட்டையைப் பெருசாப் போட்டு எபாக்ஸி ஊத்தி அடைச்சு, காஞ்சதுக்கு அப்புறம் நடுவுல சரியான அளவுக்குப் போடுங்க, இதை விட்டா அந்த ஓட்டை வழியாத்தான் தண்ணி உள்ள போயி பிளை ஊதும்.

தொங்கற கோணம்தான் ஓட்டறப்ப கையில தெரியறது. பிளேடு முழுசா எறங்காம பின்னால சாஞ்சு நின்னா டில்லரை ரெண்டு கையில இழுக்கற மாதிரி கனக்கும், அப்ப படகு பழசுன்னு நெனைச்சுக்குவாங்க. பின்னு வழியா ஒரு நேர்கோடு கீழ இழுத்துப் பாருங்க, பிளேடோட முன்விளிம்பு அந்தக் கோட்டுக்கு ஒட்டி இல்லாட்டி சித்தெ முன்னால வரோணும். ரொம்ப முன்னால தள்ளுனா அது தானாவே ஒரு பக்கம் சாயப் பாக்கும். கால்வாசிப் பரப்புக்கு மேல கோட்டுக்கு முன்னால போகக்கூடாது.

சில பேரு லாக் அப்பப்ப விட்டுப் பிளேடு மேல ஏறுதுன்னு ஒரேயடியா போல்ட் போட்டு இறுக்கீர்றாங்க. மேட்டூர்ல தண்ணி எறங்குனா பண்ணவாடிப் பக்கம் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் பழைய சர்ச் கோபுரமும் வெளிய தெரியும்ல, நம்ம அணைங்கள்ல தண்ணிக்கடியில என்ன இருக்குன்னு மேல இருந்து தெரியவே தெரியாது. தட்டுனா பிளேடு மேல தூக்கிக்கற மாதிரி இருந்தாத்தான் டிரான்சம் பொளக்காம தப்பிக்கும். ஸ்பிரிங் இறுக்கத்தைச் சரி பண்ணுங்க, லாக்கை எடுக்காதீங்க.

பின்னு சுத்தற புஷ்ஷுக்கு நைலான் வேண்டாம், தண்ணி குடிச்சு ஊதி இறுகும், டெல்ரின்ங்கற பிளாஸ்டிக் ராடு வாங்கிக் கடைசல் புடிங்க. பின் 316 எஸ்எஸ், அடியில ரிங் கட்டாயம். ரிங் இல்லாம படகு தலைகீழாக் கவுந்தா பின்னு வழுக்கி வெளிய வந்து சுக்கான் மொத்தமும் தண்ணிக்குள்ள போயிரும்.

கடைசியா ரெண்டு பிளேடும் ஒண்ணுக்கொண்ணு இணையா இருக்கோணும், கார்ல வீல் அலைன்மென்ட் பாக்கற மாதிரிதான். ரெண்டையும் எறக்கி வெச்சு முன்விளிம்புக்கு நடுவுல எவ்வளவு, பின்விளிம்புக்கு நடுவுல எவ்வளவுன்னு டேப் புடிச்சு அளங்க. சமமா இருக்கோணும், இல்லாட்டி முன்னால மிஞ்சிப்போனா 3 மி.மீ கம்மியா இருக்கலாம். குறுக்குக் குழாயோட நீளத்துலதான் இதைச் சரி பண்ணுவாங்க.

எல்லாம் மாட்டுனதும் ஆடியில பாலக்காட்டுக் கணவாய்க் காத்து அடிக்கறப்ப ஆழியாறுப் பக்கம் கொண்டுபோயி சோதிக்க வேண்டாம், எந்த அணையா இருந்தாலும் அனுமதி வாங்காம எறக்கவும் வேண்டாம். லேசான காத்துல பாயை இழுத்துக் கட்டி நேராப் போயிட்டே டில்லரை ஒரு நிமிசம் விட்டுப் பாருங்க. படகு மெதுவா காத்து வர்ற பக்கம் மூக்கைத் திருப்புச்சுன்னா அளவு சரியா இருக்கு. டில்லர் வெடுக்குனு ஒரு கோடிக்குப் போயி நின்னுச்சுன்னா பிளேடு ரொம்ப முன்னால வந்திருக்கு, கரைக்கு வந்து சித்தெ பின்னால எடுத்து வெச்சு மறுபடி போங்க.