பார்வைக் குறைபாட்டைக் காட்டும் செயலியைப் பயன்படுத்தும் முறை

கண்புரை, கண் அழுத்த நோய், விழித்திரை மையச் சிதைவு ஆகியவற்றால் காட்சி எவ்வாறு மாறுகிறது என்பதைக் கைபேசிக் கேமராவின் வழியே காட்டும் செயலிகள், அறிவிப்புப் பலகை அமைப்பவர்களுக்கு மிகவும் பயன்படும்.

செயலியை நிறுவி, கேமராவுக்கு அனுமதி அளித்து, குறைபாட்டின் அளவை நடுவில் வையுங்கள். பின்னர், கோவை காந்திபுரம் பேருந்து நிலையத்தில் ஓரமாக நின்று, வரும் பேருந்தின் வழித்தடப் பலகையை நோக்கிக் கேமராவைப் பிடியுங்கள்; திரையைப் பார்த்தபடி நடக்கவே கூடாது. கண்புரையில் எழுத்து மங்குவதோடு, எதிர்வெயில் பட்டால் கூசும் ஒளி பரவி எண்ணையே மறைத்துவிடும். கண் அழுத்த நோய் முற்றிய நிலையில், பலகையைப் படிக்க முடிந்தாலும் பக்கவாட்டில் திரும்பும் வண்டி தெரியாது. மையச் சிதைவிலோ, உற்று நோக்கும் இடமே மறைந்துவிடும். கண் அழுத்த நோய்க்குப் பல செயலிகள் ஓரங்களைக் கறுப்பாகக் காட்டுகின்றன. உண்மையில் நோயாளிகள் பலருக்கு அப்பகுதி கறுப்பாக அன்றி, மங்கலாகவோ விடுபட்டோ தோன்றுகிறது என்பதால், அக்காட்சியை அப்படியே நம்ப வேண்டியதில்லை.

நிறக்குறைபாட்டைச் சோதிக்கத் தனிச் செயலி தேவையில்லை. ஆண்ட்ராய்டு கைபேசியின் அமைப்புகளில் பில்டு நம்பரை 7 முறை தட்டினால் திறக்கும் டெவலப்பர் பகுதியிலேயே அவ்வசதி உள்ளது. திருப்பூர்ப் பின்னலாடை நிறுவனமொன்று சரக்கின் நிலையைச் சிவப்பு, பச்சைப் புள்ளிகளால் மட்டும் குறித்திருந்தால், இரண்டும் ஒன்றுபோலத் தெரிவதை அங்கே காணலாம். புள்ளியின் அருகே சொல்லையும் எழுதுவதே தீர்வு.

திருத்திய வடிவத்தில், எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளிமாறுபாடு, மாற்றுத்திறனாளிகளும் இணையதளங்களைப் பயன்படுத்த வழிகாட்டும் இணைய உள்ளடக்க அணுகல் நெறிமுறை (WCAG) சாதாரண அளவு எழுத்துக்குக் கோரும் 4.5:1 விகிதத்துக்குக் குறையாதிருக்கிறதா என்று அளந்தபின், குறைபார்வை உடைய ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.